தராசு சாருக்குக் கேட்காத தண்ணீர்

காலையில் பல் துலக்கும்போது தராசு சார் குழாயைத் திறக்கமாட்டார். ஒரே ஒரு டம்ளர் தண்ணீர். அதில் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, மீசையை ஈரப்படுத்தி, அடியில் ஒரு மடக்கு மிச்சம் பிடித்து, அதையும் ஜன்னலோரத்துச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் வெளியே வருவார். அது அவருடைய மகள் வாங்கி வைத்த பிளாஸ்டிக் செடி. வீட்டில் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. செடி வாடாமல் இருப்பதற்குத் தன் சிக்கனமே காரணம் என்று ஒரு மனிதர் தினமும் பூரித்துப்போகும்போது, அதைக் கெடுக்க யாருக்கு மனம் வரும்?

எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடைத்தெருவுக்குள் அவர் நுழைந்தால் தராசுத் தட்டுகள் காற்றில்லாமலே ஆடும், எடைக்கற்கள் பயத்தில் கொஞ்சம் பெருத்துக்கொள்ளும் என்று பேச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது ஓய்வூதியத் தாளில் மட்டும்தான் மிச்சம். மற்றபடி எல்லோருக்கும் அவர் தராசு சார்.

அவர் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்துக்கு மொட்டைமாடியில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை என்பதை அவர் தன் செல்வாக்கு என்று எடுத்துக்கொண்டார். பதவி ஏற்ற மறுநாளே மாடிப்படி முழுக்க வாசகங்கள் முளைத்தன. ‘சொட்டும் குழாய், சோம்பேறியின் சாட்சி.’ ‘வாளி நிறைந்ததும் கையை நினை.’ ‘குளிப்பது உடம்பு, குளம் அல்ல.’ கடைசி வாசகத்தின் பொருள் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் அதைத் தாண்டி மேலே போகிறவர்கள் ஒரு வாளிக் குளியலோடு நிறுத்திக்கொண்டார்கள். எதற்கு வம்பு?

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பலவீனம். மீன்.

முதல் மாடியில் அவர் வீட்டுக் கூடத்தில் கட்டில் நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. அதில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, நீலமும் சிவப்புமாக, முகத்தில் எப்போதும் ஒரு பணக்காரச் சலிப்போடு திரியும் மீன்கள். குழாய்த் தண்ணீர் அவற்றுக்கு ஆகாது. உப்பு கொஞ்சம் கூடினால் துடுப்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆகவே குளியலறைச் சுவரில் ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்தை மாட்டியிருந்தார். அதிலிருந்து மெல்லிய குழல் ஒன்று கூடத்துக்கு வந்து, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற பீப்பாயில் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீரைச் சேர்க்கும்.

மீன்களின் சீரணம், மனநிலை, திருமண வாய்ப்பு பற்றியெல்லாம் தராசு சார் மூச்சு விடாமல் பேசுவார். ஆனால் அந்த இயந்திரம் பிரித்தெடுக்கிற உப்பு எங்கே போகிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. அது உள்ளேயே தின்றுவிடும் என்று நினைத்திருந்தார். நல்ல இயந்திரம், சாப்பிடட்டும்.

மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. துணைக்கு இருந்துவிட்டு வர அவருடைய மனைவி கிளம்பினார். வாசலில் பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

“இந்தாங்க, பாத்ரூம்ல இருக்கறது எதையும் தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.”

“ம்.”

“என்ன ம்? நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்.”

“பெரிய நீலத்துக்கு வால்ல புதுசா ஒரு புள்ளி தெரியுது பாத்தியா?”

“பாத்தேன், பாத்தேன். நான் செத்தா, மீனாப் பொறந்து ரெண்டு புள்ளி வெச்சுக்கிட்டு வரேன், அப்பவாவது பாப்பீங்க.”

இதுவும் அவர் காதில் விழவில்லை. மீன் வாலில் உண்மையிலேயே ஒரு புள்ளி வந்திருந்தது.

மனைவி போன இரண்டொரு நாளில் குளியலறையில் கால் விரலை இடித்துக்கொண்டார். இடித்தது ஒரு நீல டிரம். குளியலறையின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு, இடுப்புயரத்துக்கு நின்றது. இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு குழல் வந்து அதற்குள் இறங்கியது. டிரம்மின் கழுத்தில் துளை போட்டு, அங்கிருந்து ஒரு பச்சைக் குழாய் கிளம்பி, சுவரில் அதைவிடத் தாழ இருந்த காற்றுச் சந்து வழியாக வெளியே போனது. ஒரு பாம்பு வந்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்ததும் அவசரமாகத் தப்பிப் போகிற மாதிரி இருந்தது அது.

“இதென்ன குப்பை? காயலான் கடையா இது?” என்றார் தராசு சார், வீட்டில் வேறு யாரும் இல்லாததால் மீன்களிடம்.

ஒழுங்கு என்று இறங்கிவிட்டால் அவருக்கு நிகர் கிடையாது. டிரம்மைக் காலி செய்து, கவிழ்த்து, கூடத்துக்கு உருட்டி வந்து, மேலே பூப்போட்ட துணி ஒன்றை விரித்தார். அருமையான மேசை கிடைத்தது. இயந்திரத்தின் குழலைத் தரையில் இருந்த வடிகால் துளைக்குள் அழகாகச் செருகினார். பச்சைக் குழாயை வெளியிலிருந்து உள்ளே இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் எதிலோ மாட்டிக்கொண்டது. கத்தரியை எடுத்து வெட்டினார். மீன் தொட்டியின் அடியில் படியும் கசடை உறிஞ்சி எடுக்க இப்படி ஒரு குழாயைத்தான் அவர் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார். அதன் மறுமுனை எங்கே போகிறது என்று சந்து வழியாக எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லாமல் போயிருக்கும்.

தனியாக இருந்ததால் அவருக்கு அன்பு பொங்கியது. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை மீன்களுக்குத் தண்ணீர் மாற்றியவர், இப்போது தினமும் மாற்ற ஆரம்பித்தார். முன்பு தினமும் கொஞ்ச நேரம் மட்டும் ஓடிய இயந்திரம், இப்போது காலைக் காப்பியோடு தொடங்கி விளக்கு வைத்த பிறகும் ஓடியது. வடிகாலில் தண்ணீர் போகிற சத்தம் காதில் விழவில்லையா என்றால், விழ வழியில்லை. அந்த வீட்டில் எந்நேரமும் தண்ணீர்ச் சத்தம்தான். மீன் தொட்டியின் வடிகட்டி அருவி மாதிரி கொட்டும். காற்றுக் குழல் குமிழ் விடும். நம் வீட்டில் குழாய் சொட்டினால் நமக்குத் தூக்கம் வராது. அவருக்கோ சொட்டாவிட்டால்தான் தூக்கம் வராது.

அப்புறம் மொட்டைமாடித் தொட்டி மதியத்துக்குள் காலியாக ஆரம்பித்தது.

நான்காம் மாடியில் ஒருவர் தலைக்குச் சோப்புப் போட்ட நிலையில் துண்டோடு படியிறங்கி வந்து, வீடு வீடாக ஒரு செம்புத் தண்ணீர் கேட்டார். சங்கத்தின் பொருளாளரான மருந்துக்கடைக்காரர் தண்ணீர் லாரிக்குச் சொல்லிச் சொல்லி, லாரி ஓட்டுநரின் குடும்ப நலம் விசாரிக்கும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டார். எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் மார்பை நிமிர்த்தினார்.

“எங்கயோ திருட்டு நடக்குது. என் சர்வீஸ்ல நான் பாக்காத திருட்டா? கண்டுபுடிச்சுக் காட்டறேன்.”

கட்டடம் முழுக்கக் குழாய்களில் காதை வைத்துக் கேட்டார். யார் வீட்டுக் குளியலறையில் எவ்வளவு நேரம் விளக்கு எரிகிறது என்று எதிர்ச் சுவரோரம் நின்று கவனித்தார். அப்படி நின்றபோதுதான் கீழ்வீட்டுக் கொடி அவர் கண்ணில் பட்டது. படுக்கை விரிப்புகள். நேற்றும் விரிப்புகள், இன்றும் விரிப்புகள்.

அவர் வீட்டுக்கு நேர் கீழே தரைத்தளத்தில் குடியிருந்தவரை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் உள்ள நகலெடுக்கும் கடையில் வேலை. கணவர் லாரி ஓட்டியவர். ஏற்றிய சரக்கு சரிந்து முதுகில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. படுக்கைதான் அவருக்கு எல்லாம். தினமும் விரிப்பும் துணிகளும் மாற்றியாக வேண்டும். கடைக்குப் போகும் முன் அவற்றை அலசிக் காயப்போட்டுவிட்டுத்தான் அந்த அம்மாள் ஓடுவார். இதெல்லாம் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் அதை நினைப்பதில்லை.

இப்போது பாருங்கள், முற்றத்துப் பொதுக் குழாயில் வாளி மேல் வாளியாக அவர் பிடித்துக்கொண்டிருந்தார். முன்பு அங்கே ஒன்றிரண்டு வாளிதான் பிடிப்பார். தராசு சாரின் மூக்கு விடைத்தது. பாக்கெட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தார். கொடி நிறையத் தொங்கிய விரிப்புகளை, எத்தனை அலசியும் போகாத கறைகளோடு, படம் பிடித்துக் குடியிருப்பின் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: ‘தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்கு.’

ஜெராக்ஸ் அக்கா அந்தப் படத்தைக் கடையில் இரண்டு நகல்களுக்கு நடுவே பார்த்தார். யாருடைய சொத்துப் பத்திரமோ இயந்திரத்துக்குள் மாட்டிக் கசங்கிப்போனது. முதலாளி திட்டியது அவர் காதில் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து கொடி காலியாக இருந்தது. அவர் விரிப்புகளை வீட்டுக்குள்ளேயே, கணவரின் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டிக் காயப்போட்டார்.

“வெளிய வெயில் கொளுத்துது. ஏம்மா எல்லாத்தையும் உள்ள போடற? கூடாரம் அடிச்ச மாதிரி இருக்கு” என்றார் கணவர்.

“வெளிய தூசி விழுதுங்க.”

“நேத்து வரைக்கும் விழாத தூசியா?”

“இப்ப விழுது.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. படுத்திருப்பவர்களுக்குக் காது நீளம். முற்றத்தில் பேசப்படுவது எல்லாம் ஜன்னல் வழியாக அவருக்கு வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூட்டம். செயலாளர் வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. மீன்களைப் பார்த்துக்கொண்டே பேசினால் கோபம் வராது என்பது அவருடைய கொள்கை. வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார்கள். பூப்போட்ட துணி விரித்த மேசையில் தேநீர்க் கோப்பைகள். ஜெராக்ஸ் அக்கா கதவோரம் நின்றார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலி குறைவு என்று எல்லோரும் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

தீர்மானத்தைத் தராசு சாரே வாசித்தார். கீழ்வீட்டின் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார், அவருக்குத் தகவல் சொல்லி வேறு குடித்தனம் வைக்கச் சொல்வது. விஷயம் அவ்வளவுதான். நடுவில் ‘பொதுநலன்’ என்ற சொல் ஏழெட்டு இடங்களில் வந்தது.

“சார், எத்தன மாடின்னாலும் நான் ஏறிடுவேன்” என்றார் ஜெராக்ஸ் அக்கா. “அவரால முடியாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வர தரைவீடுதான் சார் வேணும். இந்த வீடு கெடைக்கறதுக்கே நாங்க எங்கெங்கயோ அலைஞ்சோம்.”

“அதெல்லாம் எங்களுக்கும் வருத்தம்தாம்மா. ஆனா முன்னாடி நீங்க இவ்வளவு தண்ணி புடிக்கல. இப்ப புடிக்கறீங்க. ஏன்?”

“முன்னாடி வேற தண்ணி கெடச்சுது சார். இப்ப வர்றதில்ல.”

“வேற தண்ணியா? யாரு குடுத்தா?”

ஜெராக்ஸ் அக்காவின் பார்வை மீன் தொட்டியின் பக்கம் போனது. அங்கே ஆணியில் சுருட்டித் தொங்கிய பச்சைக் குழாயில் ஒரு கணம் நின்றது. பிறகு தரைக்கு இறங்கியது.

“அத நான் சொன்னா நல்லா இருக்காது சார்.”

“கேட்டீங்களா?” தராசு சார் சபையைப் பார்த்துக் கைகளை விரித்தார். கள்ளத் தராசைக் கையும் களவுமாகப் பிடித்த பழைய நாட்களின் ஒளி அவர் முகத்தில் வந்தது. “சொல்ல முடியாத தண்ணியாம். இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்குமூலத்த நான் கேட்டதில்ல.”

சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

தீர்மானத்துக்குக் கைதூக்க வேண்டிய நேரம். ஆனால் அதற்குள் மீன்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. வானம் இடிந்து விழுந்தாலும் அது தள்ளிப்போகாது. “ஒரு நிமிஷம்” என்று எழுந்து, வடிகட்டியையும் காற்றுக் குழலையும் நிறுத்தினார். தண்ணீர் அசையாமல் இருந்தால்தான் தீனி சிதறாமல் மீன் வாய்க்குப் போகும். மீன் வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது.

தினமும் இந்த வேளையில் அவர் மீன்களைக் கொஞ்சுவார். “என் தங்கமே, என் பட்டே, அவன்கிட்ட புடுங்காதடா, உனக்கும் உண்டுடா” என்று உரக்க, ராகம் போட்டு, தீனி தீரும் வரை. சபை நடுவே அதற்கு வெட்கப்பட்டு, அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு தீனி போட்டார்.

கூடம் அமைதியானது. அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

சளசளவென்று, இடைவிடாமல், வீட்டுக்குள்ளே எங்கேயோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“சார், பாத்ரூம்ல பைப்ப மூடாம வந்துட்டீங்களா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“பைப் இல்ல. அது மிஷின். மீனுக்குத் தண்ணி சுத்தம் பண்ணுது.”

“சுத்தம் பண்ண தண்ணியா அப்படி ஓடுது?”

“இல்லய்யா, சுத்தமானது இதோ, இந்தப் பீப்பாய்ல சொட்டுது பாருங்க.”

“அப்ப அங்க ஓடறது?”

தராசு சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். தொட்டிக்குள் பெரிய நீலமும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

எல்லோரும் குளியலறை வாசலுக்குப் போனார்கள். வடிகால் துளைக்குள் அவர் அழகாகச் செருகியிருந்த குழலிலிருந்து, பளிங்கு மாதிரி தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தராசு சார் குனிந்து அந்தக் குழலை வெளியே எடுத்தார். யாரும் கேட்கவில்லை, ஆனால் தொழில் விடவில்லை. ஒரே அளவில் இரண்டு குவளைகளை வரவழைத்தார். ஒன்றைக் கூடத்தில் நல்ல தண்ணீருக்கு அடியில் வைக்கச் சொன்னார். இன்னொன்றைச் சாக்கடைத் தண்ணீருக்குத் தானே பிடித்தார். அங்கே ஒரு குவளை நிறைவதற்குள் இங்கே நிறைந்து, கொட்டி, மறுபடி நிறைந்து, கொட்டி, மூன்றாம் முறையும் நிறைந்து வழிந்து அவர் கையை நனைத்தது. வழிந்துகொண்டே இருந்தது. தினமும் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஓடியதை மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். அவர் பிடித்த எந்தக் கள்ள வியாபாரியும் தன் கையாலேயே அளந்து காட்டி மாட்டிக்கொண்டதில்லை.

மருந்துக்கடைக்காரர் கைநீட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம். பையோடு அவருடைய மனைவி உள்ளே வந்தார். பேரக்குழந்தை பிறந்த சந்தோஷத்தில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே, கால் கழுவக் குளியலறைக்குப் போனார். சிரிப்பு அங்கேயே நின்றது.

“என் டிரம் எங்க?”

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். பூப்போட்ட துணியை நீக்கினார். கவிழ்ந்து கிடந்த நீல டிரம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆணியில் தொங்கிய பச்சைக் குழாயை எடுத்து, வெட்டிய முனையைத் தடவிப் பார்த்தார்.

“எதையும் தொடாதீங்கன்னுதானே சொல்லிட்டுப் போனேன்?”

“இடஞ்சலா இருந்துச்சு. குப்பைன்னு நெனச்சேன்.”

“குப்பையா? இந்த மிஷின் வாங்கின நாள்லேருந்து வீடு தொடைக்கறது, கக்கூஸுக்கு ஊத்தறது, உங்க வண்டி கழுவறது, மிதியடி அலசறது எல்லாம் இந்த டிரம் தண்ணிலதான். குடிக்க ஆகாது, உப்பு ஜாஸ்தி. செடிக்கு ஊத்திப் பாத்தேன், கருகிப்போச்சு, விட்டுட்டேன். மத்த எல்லாத்துக்கும் ஆகும். டிரம் ரொம்பி மிஞ்சறது இந்தப் பச்சைக் குழாய்ல எங்க போச்சுன்னு நெனக்கறீங்க?”

அவர் பார்வை கதவோரம் போனது. எல்லோருடைய பார்வையும் போனது.

“கீழ அவங்க தொட்டிக்குத்தான் போச்சு” என்றார் மனைவி. “விரிப்பெல்லாம் முதல் அலசலுக்கு அந்தத் தண்ணிதான். கடைசி அலசலுக்கு மட்டும் அவங்க பொதுக் குழாய்ல புடிச்சுப்பாங்க.”

மருந்துக்கடைக்காரர் மெதுவாக ஜெராக்ஸ் அக்காவிடம் கேட்டார்: “ஏம்மா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

அந்த அம்மாள் விரலில் சுற்றிய முந்தானை நுனியை அவிழ்த்தார். பிறகு சொன்னார்:

“அக்கா ஊருக்குப் போனதும் குழாய் அந்துபோச்சு. நான் பாத்தேன், கத்தரியால வெட்டியிருந்தது. சாருக்குப் பிடிக்கல போலன்னு நெனச்சேன். சாக்கடைல விட்டாலும் விடுவோம், உனக்குத் தரமாட்டோம்னு நெனச்சுட்டாங்க போலன்னு நெனச்சேன். அவங்க வீட்டுத் தண்ணி. நான் எப்படிக் கேக்கறது? சொன்னா அக்காவுக்கும் சாருக்கும் வீட்டுல சண்ட வரும். அதான் சொல்லல.”

தராசு சார் ஓடி ஒளிய இடம் தேடினார். சொந்த வீட்டிலேயே அப்படி ஓர் இடம் இல்லை. தான் செய்ததைவிட, தான் அதை வேண்டுமென்றே செய்திருப்பேன் என்று ஒருவர் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தது அவரைச் சுட்டது. அப்படி நம்பவைக்கும்படித்தானே நடந்துகொண்டிருக்கிறேன் என்பது அதைவிடச் சுட்டது. தீர்மானம் எழுதிய தாள் கையில் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை மடித்தார், மடித்ததை மறுபடி மடித்தார். தபால்தலை அளவுக்கு வந்த பிறகும் மடிக்கப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. யாரும் கலைக்கவில்லை, தானாகவே கரைந்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகச் சமையலறையில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் அடியில் தலையை விட்டுப் பார்த்தார். அங்கேயும் ஒரு குழல், அங்கேயும் ஒரு சளசளப்பு. சத்தமில்லாமல் ஒரு வாளியை நகர்த்தி அடியில் வைத்தார். அன்று மாலை அந்தக் கட்டடத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குனியாத தலையே இல்லை.

எல்லோரும் போன பிறகு தராசு சார் மனைவியிடம் கேட்டார்:

“இந்த வீட்டுல எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கு?”

மனைவி யோசித்தார். இன்றைக்கே எல்லாவற்றையும் முடித்துவிடுவது நல்லது என்று பட்டது.

“அந்த ஜன்னல் செடி பிளாஸ்டிக்.”

மறுநாள் காலை டிரம் குளியலறைக்குத் திரும்பியது. வெட்டிய குழாய்க்கு ஒரு இணைப்பு வாங்கி வந்து, காற்றுச் சந்து வழியாக அவரே கீழே விட்டார். மறுமுனையைக் கட்டுவதற்குக் கீழ்வீட்டுக்குப் போனார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

அறை முழுக்க ஈர விரிப்புகள். ஒன்றை விலக்கினால் இன்னொன்று. ஈரத்தின் முடை நாற்றம் மூக்கில் அடித்தது. கடைசி விரிப்புக்குப் பின்னால், கட்டிலில் லாரிக்காரர் படுத்திருந்தார். மொட்டைத் தலை, அடர்ந்த மீசை, சிரிப்பில் பாதி மிச்சமிருக்கும் கண்கள்.

“வாங்க சார். எதுக்கு உள்ள காயப்போடறன்னு கேட்டா, வெளிய தூசி விழுதுன்னு சொன்னா எம்பொண்டாட்டி. நீங்கதானா அந்தத் தூசி?”

தராசு சார் ஏதாவது சொல்ல நினைத்தார். பொதுநலன் என்ற சொல்லை ஏழெட்டு இடங்களில் எழுதிய மனிதருக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

“நான்தாங்க” என்றார் கடைசியில். “மன்னிச்சுடுங்க.”

“ஒக்காருங்க சார். நானும் லோடு ஏத்தும்போது பின்னாடி திரும்பிப் பாக்காத ஆளுதான். அப்புறம்தான் இப்படிப் படுத்து மேலேயே பாத்துக்கிட்டு இருக்கேன். வெளிய வெயில் இருந்தா அதுங்கள எடுத்துட்டுப் போய்ப் போடுங்க. எனக்கு மூச்சு முட்டுது.”

தராசு சார் விரிப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். படம் பிடித்த அதே கொடியில், அதே கறைகளோடு, சுருக்கம் நீவி நீவிப் போட்டார். முன்பின் துணி உலர்த்திப் பழக்கமில்லாதவர் என்பது பார்த்தாலே தெரிந்தது. கிளிப் போட்டதில் பாதி சட்டைக் கையோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர் தலையைக் குனிந்தபடியே வேலையைச் செய்தார். யாரும் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் பார்க்கக் கூடாது என்று அந்த அம்மாளும் நினைத்திருப்பாரே என்பதும் கூடவே தோன்றியது. அதற்குப் பிறகு அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார். பார்க்கட்டும்.

கடைக்குக் கிளம்பிய மருந்துக்கடைக்காரர் வண்டியை நிறுத்தினார்.

“சார், மாடிப்படி வாசகத்தையெல்லாம் கிழிச்சுட்டீங்களாமே? புதுசா ஏதாவது எழுதறீங்களா?”

“எழுதல. சொல்றேன், கேட்டுக்குங்க.” சட்டையில் மாட்டிய கிளிப்பை எடுத்துக்கொண்டே தராசு சார் சொன்னார். “அடுத்தவன் செலவழிக்கற தண்ணி நம்ம கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியுது. நாம வீணாக்கறது நம்ம வீட்டுக்குள்ளயே ஓடினாலும் காதுல விழறதில்ல. நம்ம மிஷின் வேண்டாம்னு தள்ளற தண்ணிக்குக் கழிவுன்னு பேரு வெச்சுட்டோம். அது கழிவு இல்ல, மீதி. மீதின்னா இன்னொரு வேலைக்கோ இன்னொரு வீட்டுக்கோ ஆகும். மீதிய சாக்கடைல விட்டுட்டு, இல்லாதவங்க கொடியப் படம் புடிக்கறவன்தான்யா தண்ணித் திருடன். நான் புடிக்கறேன்னு சொன்னேன்ல, புடிச்சுட்டேன்.”

மேலே அவர் வீட்டு ஜன்னலில் பிளாஸ்டிக் செடி வழக்கம்போலப் பச்சையாக இருந்தது. சுவரோரம் இறங்கிய குழாயில் முதல் தண்ணீர் வந்து, கீழ்வீட்டுத் தொட்டியில் சளசளவென்று விழ ஆரம்பித்தது. இந்த முறை அது தராசு சாருக்கு நன்றாகக் கேட்டது.